முகம் ஒருத்தருது, பத்திரம் இன்னொருத்தருது

திரையில் முகம் தெரிந்துவிட்டால் பாதி விடுதலை கிடைத்துவிட்ட மாதிரி நம்மில் பலர் பேசுகிறோம். ‘நம்ம ஆளு ஒருத்தனையாவது காட்டுறானா பாரு’ என்கிற கோபம் நியாயமான கோபம்தான். ஆனால் காட்டியவன் யார், காட்டியதற்கான காசு எவன் கணக்கில் ஏறியது என்கிற அடுத்த கேள்விக்கு நாம் போவதே இல்லை. நான் வங்கியில் கணக்கு பார்த்துப் பிழைக்கிறவன். கவிதையும் எழுதுகிறேன் என்பதால் முகத்தின் மதிப்பு எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம் என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு முகத்தைவிட பத்திரம்தான் முதலில் உறுத்துகிறது.

இதைப் பேசுவதற்குத் தோதான ஒரு கம்பெனி அமெரிக்காவில் இருந்தது. பெயர் கிங் வேர்ல்ட். தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை ஊர் ஊராக விற்கிற கம்பெனி. 1964-ல் சார்லஸ் கிங் என்ற வெள்ளைக்கார விற்பனையாளர் தொடங்கியது. 1999-ல் சிபிஎஸ் நிறுவனம் சுமார் 250 கோடி டாலர் மதிப்புக்குப் பங்குகள் கொடுத்து அதை வாங்கிக்கொண்டது. இந்த முப்பத்தைந்து வருடக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் சில கறுப்புக் குழந்தைகள் இருக்கிறார்கள். கடைசிப் பக்கங்களில் ஒரு கறுப்புப் பெண் இருக்கிறார். இடையில் என்ன நடந்தது என்பதுதான் விஷயம்.

தொழிலை முதலில் புரிந்துகொள்வோம். அந்தக் காலத்து அமெரிக்காவில் என்பிசி, சிபிஎஸ், ஏபிசி என்று மூன்று பெரிய வலையமைப்புகள். ஊர்களில் இருந்த நிலையங்களில் பெரும்பாலானவை வேறு வேறு முதலாளிகளின் சொத்து. இந்த மூன்றில் ஏதாவது ஒன்றோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு ஓடும், அல்லது யாரோடும் சேராமல் தனியாக ஓடும். மேலிருந்து வருகிற நிகழ்ச்சி போக மிச்ச நேரத்தை நிலையமே நிரப்பியாக வேண்டும். அந்த மிச்ச நேரத்துக்குச் சரக்கு விற்கிறவன்தான் சிண்டிகேட்டர். நம்ம ஊரில் செங்கல்பட்டு ஏரியா, கோவை ஏரியா என்று பிரித்துப் படம் விற்கிற விநியோகஸ்தரை நினைத்துக்கொள்ளுங்கள், சரியாக இருக்கும். செயற்கைக்கோள் வருவதற்கு முன்னால் படப்பெட்டியும் அப்படியேதான் ஊர் சுற்றியது. ஒரு நிலையம் ஓட்டி முடித்ததும் அடுத்த ஊர் நிலையத்துக்குத் தபாலில் அனுப்பிவிடும். தொழில்காரர்கள் அதற்கு ‘சைக்கிள் விடுவது’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். நிலையம் ரொக்கமாகக் கொடுக்கலாம். அல்லது பண்டமாற்று: நிகழ்ச்சிக்குள் வருகிற விளம்பர நேரத்தில் சில நிமிடங்களை விநியோகஸ்தன் தன் கையில் வைத்துக்கொண்டு பெரிய கம்பெனிகளுக்கு விற்றுக்கொள்வான். பல நேரம் இரண்டும் சேர்ந்தே நடக்கும். எப்படிப் பார்த்தாலும் கதவு அவன் கையில். நடித்தவன், எழுதியவன், பார்க்கிறவன் எல்லாரும் அந்தக் கதவுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும்தான்.

சார்லஸ் கிங் கையில் அன்றைக்கு இருந்த சரக்கு, முப்பது வருடப் பழசான சில குழந்தைப் படங்கள். ஹால் ரோச் என்ற தயாரிப்பாளர் 1922-ல் ‘அவர் கேங்’ என்று ஒரு குறும்பட வரிசையைத் தொடங்கினார். தமிழில் ‘நம்ம செட்டு’ என்று சொல்லலாம். 1938-ல் அதை எம்ஜிஎம் நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். 1944 வரை எம்ஜிஎம் எடுத்தது. மொத்தம் 220 படங்கள். ஏழை வீட்டுப் பிள்ளைகள் கூடிச் செய்கிற சேட்டைகள், அவ்வளவுதான் கதை. அதில் வெள்ளைப் பிள்ளைகளும் கறுப்புப் பிள்ளைகளும் ஒன்றாக ஓடினார்கள், ஒன்றாக மண்ணில் புரண்டார்கள். அமெரிக்கத் தெற்கில் கறுப்புக் குழந்தைக்குத் தனிப் பள்ளிக்கூடம், தனித் தண்ணீர்க் குழாய் என்று இருந்த காலம் அது. பள்ளிகளில் பிரித்து வைப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதே 1954-ல்தான். அதற்கு முப்பது வருடத்துக்கு முன்பே ஒரே திண்ணையில் உட்கார்ந்து சிரிக்கிற பிள்ளைகளைத் திரையில் பார்க்க முடிந்தது. அதைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிட மாட்டேன். முதல் கறுப்புச் சிறுவனாக அதில் நடித்த எர்னி மாரிசன், அந்தப் படப்பிடிப்புத் தளத்தில் நிறபேதம் பார்த்தது இல்லை என்றே முதுமையிலும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் தளத்தில் இருந்த சமத்துவம் கதையில் இருந்ததா? ஃபரீனா என்ற பெயரில் நடித்த ஆலன் ஹாஸ்கின்ஸ், ஸ்டைமி என்ற பெயரில் நடித்த மேத்யூ பியர்ட், பக்வீட் என்ற பெயரில் நடித்த வில்லியம் தாமஸ். இவர்களில் ஃபரீனாவுக்கும் பக்வீட்டுக்கும் தலை நிறையச் சின்னச் சின்னச் சடைகள், நாடாக்கள், கந்தல் கவுன். ஆணா பெண்ணா என்று தெரியாத ஒரு உருப்படி. பேய் என்றால் முழி பிதுங்கவேண்டும், மயிர் குத்திட்டு நிற்கவேண்டும். தர்ப்பூசணியைக் கண்டால் வாய் ஊறவேண்டும். வெள்ளைக்காரன் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பர்களை நையாண்டி செய்த மேடைக்கூத்தின் மிச்சங்கள் இவை. கரி பூச வேண்டிய அவசியம் இல்லாத பிஞ்சு முகங்களில் ஏற்றிவைத்தார்கள்.

கூலி வாரக்கூலி. நாற்பது டாலரில் தொடங்கி இருநூறு, அதற்கு மேல் என்று ஆளைப் பொறுத்து. அந்தக் காலத்து உழைப்பாளிக் குடும்பத்துக்குக் குறைந்த காசு இல்லை. ஸ்டைமியின் சம்பளம் ஒரு பெரிய குடும்பத்தையே தாங்கியது. ஆனால் வாரம் முடிந்தால் கணக்கும் முடிந்தது. அதற்குப் பிறகு அந்தப் படம் எத்தனை முறை ஓடினாலும், அந்த முகம் எத்தனை பொம்மையில் ஒட்டினாலும் பிள்ளைக்குச் சல்லிக்காசு கிடையாது.

பத்திரங்கள் என்ன பாடுபட்டன என்று பாருங்கள். படங்களை எம்ஜிஎம்முக்கு விற்ற ரோச், தான் எடுத்த பழைய படங்களில் பெரும்பகுதியை 1949-ல் திரும்ப வாங்கிக்கொள்கிறார். ஒரு நிபந்தனை: எம்ஜிஎம் முத்திரையும் இருக்கக் கூடாது, ‘அவர் கேங்’ என்ற பெயரும் இருக்கக் கூடாது. பெயர் அவர்கள் சொத்தாம். அதனால் ‘தி லிட்டில் ராஸ்கல்ஸ்’ என்று புதுப் பெயர். அந்தப் பெயரில் 1955 முதல் டி.வி.யில் ஓட ஆரம்பிக்கிறது. ஒரு சொல்லைக்கூட விடாமல் எவனுக்கு எது என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள். அந்தப் பத்திரங்களில் ஒரு வரிகூட ஃபரீனாவைப் பற்றி இல்லை, பக்வீட்டைப் பற்றி இல்லை.

1960-ல் அமெரிக்கத் திரைநடிகர் சங்கம் வேலைநிறுத்தம் செய்தது. தலைவர் யார் தெரியுமா, பின்னால் ஜனாதிபதியான ரொனால்ட் ரீகன். சினிமாப் படம் டி.வி.யில் ஓடினால் நடிகருக்குப் பங்கு வேண்டும் என்பது கோரிக்கை. கிடைத்தது. ஆனால் 1960 முதல் எடுக்கப்படும் படங்களுக்கு மட்டும். அதற்கு முந்தைய படங்களுக்கான உரிமையைச் சங்கம் விட்டுக்கொடுத்து, பதிலாக ஓய்வூதிய நலநிதிக்கு ஒரு மொத்தத் தொகை வாங்கிக்கொண்டது. இந்தத் தேதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கிங் வேர்ல்ட் தொடங்கிய தேதியைப் பாருங்கள். 1964. உழைத்தவன் யாரும் வந்து பங்கு கேட்க முடியாத சரக்கை வைத்துத்தான் அந்தக் கடை திறந்தது. சார்லஸ் கிங் சட்டத்தை மீறவில்லை. மீற வேண்டிய தேவையே அவருக்கு இருக்கவில்லை.

‘வெள்ளைப் பிள்ளைகளுக்கும்தான் எதுவும் கிடைக்கல’ என்று ஒருவர் கேட்கலாம். உண்மை. ஸ்பாங்கி, அல்ஃபால்ஃபா என்று நடித்த வெள்ளைப் பிள்ளைகளும் ராயல்டி பார்த்ததில்லை. முதலாளிக்குக் குழந்தை என்றால் குழந்தைதான். ஆனால் வளர்ந்த பிறகு வெள்ளைப் பிள்ளை கூட்டத்தில் கலந்துவிடலாம். எந்த வெள்ளைக்காரனையும் தெருவில் ‘டேய் அல்ஃபால்ஃபா’ என்று கூப்பிட்டு அவமானப்படுத்த முடியாது. ‘பக்வீட்’ என்பதோ எந்தக் கறுப்பன் மீதும் வீசக்கூடிய வசைச் சொல்லாகவே ஆகிப்போனது. கூலி இல்லாமல் போனது இரண்டு பேருக்கும். முகம் பழியாகத் திரும்பி வந்தது ஒருத்தனுக்கு மட்டும். 1981-லிருந்து எட்டி மர்ஃபி என்ற கறுப்பு நகைச்சுவைக்காரர் டி.வி.யில் பக்வீட் வேஷம் கட்டிப் பேர் வாங்கினார். அவருக்கே சலித்துப்போய் 1983-ல் அந்தப் பாத்திரத்தைச் சுட்டுக் கொல்வதாக ஒரு காட்சி வைத்து முடித்துக்கொண்டார்.

சிவில் உரிமைப் போராட்டம் நாட்டை உலுக்கிய பிறகு இந்தப் படங்களைப் போடுவது நிலையங்களுக்குச் சங்கடமாகிவிட்டது. 1970களின் தொடக்கத்தில் கிங் வேர்ல்ட் கத்தரிக்கோலை எடுத்தது. பல படங்களில் சில நிமிடங்கள் போயின, சில படங்கள் பாதியாகச் சுருங்கின. சிலவற்றை மொத்தமாகவே விற்பனையிலிருந்து எடுத்துவிட்டார்கள். சர்க்கஸில் காட்டப்படும் ‘போர்னியோ காட்டுமனிதனை’ பிள்ளைகள் தங்கள் மாமா என்று நினைத்துக்கொள்ளும் 1933-ம் வருடப் படம் அதில் ஒன்று. இழிவை நீக்கியது நல்லதுதானே என்று தோன்றும். எனக்கு அவ்வளவு சுலபமாக ஒப்பவில்லை. இழிவான காட்சியை வெட்டும்போது அந்தக் காட்சியில் நடித்த கறுப்புப் பிள்ளையும் சேர்ந்து வெட்டுப்படுகிறான். அன்று இழிவுபடுத்திக் காசு பார்த்தார்கள், பிறகு இழிவை மறைத்துக் காசு பார்த்தார்கள். நடுவில் யாராவது ஒருத்தன் ஒரு காசோலையில் பெயர் எழுதி வில்லியம் தாமஸுக்கு அனுப்பினானா என்றால், இல்லை. அந்த நேரத்தில் அந்த மனிதர், ராணுவ வேலை முடித்து வந்து, டெக்னிகலர் கம்பெனியின் லேபில் படச்சுருள் கழுவும் தொழில்நுட்பப் பணியில் இருந்தார்.

சார்லஸ் கிங் இறந்த பிறகு பிள்ளைகள் கம்பெனியை எடுத்துக்கொண்டார்கள். ராஜரும் மைக்கேலும் முன்னால் நின்றவர்கள். சில வருடங்கள் பிழைப்பு பெரும்பாலும் அந்தப் பழைய படங்களை நம்பித்தான். அவர்களைத் தூக்கிவிட்டது ஒரு அரசாங்க விதி. 1970-ல் மத்தியத் தகவல் தொடர்பு ஆணையம் இரண்டு தடைகள் போட்டது. ஒன்று, வலையமைப்புகள் சிண்டிகேஷன் தொழிலில் இறங்கக் கூடாது. சிபிஎஸ் தன் விநியோகப் பிரிவைப் பிரித்து 1971-ல் வையகாம் என்று தனிக் கம்பெனியாக விட்டது அதனால்தான். இரண்டாவது, பெரிய நகரங்களில் முன்னிரவின் முக்கிய நேரத்தில் மூன்று மணி நேரத்துக்கு மேல் வலையமைப்பு நிகழ்ச்சி கூடாது. மிச்ச நேரத்தில் உள்ளூர்க் குரல்கள் வரட்டும், சின்னத் தயாரிப்பாளர்கள் பிழைக்கட்டும் என்று நல்ல எண்ணத்தில் திறந்த கதவு. அதற்குள் நுழைந்தது என்ன? சக்கரம் சுற்றிப் பரிசு வாங்கும் விளையாட்டு. மெர்வ் கிரிஃபின் தயாரித்த ‘வீல் ஆஃப் ஃபார்ச்சூன்’ நிகழ்ச்சியின் இரவுப் பதிப்பை 1983-லும், ‘ஜெப்பர்டி’யை 1984-லும் கிங் சகோதரர்கள் ஊர் ஊராக விற்றார்கள். நாடே வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து எழுத்துக்களை ஊகிக்க ஆரம்பித்தது. 1984 முடிவதற்குள் கம்பெனி பங்குச் சந்தைக்கே போய்விட்டது.

கதவு திறந்த அதே 1971-ல் வேறொரு மாதிரியும் நடந்தது. சிகாகோவின் டான் கார்னீலியஸ் ‘சோல் ட்ரெய்ன்’ என்ற பாட்டு நடன நிகழ்ச்சியை நாடு முழுக்க விற்கக் கிளம்பினார். ஜான்சன் புராடக்ட்ஸ் என்கிற கறுப்பர்களின் தலைமுடித் தைலக் கம்பெனி விளம்பரம் கொடுத்துத் தாங்கியது. முதலில் விரல்விட்டு எண்ணக்கூடிய நகரங்கள்தான் வாங்கின. பிறகு 2006 வரை ஓடியது. முகமும் அவர்களுடையது, பத்திரமும் அவர்களுடையது. இந்தக் கதையைத் தனியாகவே எழுத வேண்டும்.

இனி ஓப்ரா. 1954-ல் மிசிசிப்பியில் பிறந்தவர். சிறுவயதில் பாட்டியின் சிறு பண்ணையில் வளர்ந்தவர். தாய் வெள்ளையர் வீடுகளில் வேலை செய்தவர். 1984 ஜனவரியில் ஏபிசிக்குச் சொந்தமான சிகாகோ நிலையத்தின் காலை நேரப் பேச்சு நிகழ்ச்சியைக் கையில் எடுத்தார். சில மாதங்களிலேயே ஊரில் முதலிடம். சினிமா விமர்சகர் ராஜர் ஈபர்ட் பின்னாளில் ஒரு சம்பவத்தை எழுதியிருக்கிறார். இருவரும் ஒரு ஓட்டலில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, சிண்டிகேஷனுக்குப் போகலாமா என்று ஓப்ரா யோசிக்கிறார். ஈபர்ட் ஒரு கைதுடைக்கும் தாளை எடுத்துத் தன் சிண்டிகேஷன் வருமானத்தை எழுதுகிறார். எனக்கு அரை மணி நேரம், உனக்கு ஒரு மணி நேரம். எனக்கு வாரம் ஒரு நாள், உனக்கு ஐந்து நாள். நானும் இன்னொருத்தரும் பங்கு போட்டுக்கொள்கிறோம், உனக்குத் தனியாக. பெருக்கிக்கொண்டே போகிறார். கூட்டுத்தொகையைப் பார்த்ததும் ஓப்ரா கிங் வேர்ல்டோடு போவது என்று முடிவெடுத்துவிட்டாராம். கவிதைக்காரன் ஒருத்தன் நடத்துகிற பத்திரிகையில் கணக்கைப் புகழ்ந்து எழுதுவதற்கு மன்னிக்கவும். ஆனால் அந்தத் தாளில் இருந்த பெருக்கல்தான் இந்த வரலாற்றின் திருப்பம் என்று எனக்குத் தோன்றுகிறது.

1986 செப்டம்பர் 8-ல் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களில் நிகழ்ச்சி ஓட ஆரம்பித்தது. விநியோகம் கிங் வேர்ல்ட். இரண்டே வருடத்தில், 1988-ல், நிகழ்ச்சியின் உரிமையையும் தயாரிப்பையும் ஏபிசியிடமிருந்து தன் ஹார்ப்போ கம்பெனிக்கு எடுத்துக்கொண்டார். ஓப்ரா என்ற பெயரை ஆங்கிலத்தில் பின்னிருந்து எழுதினால் ஹார்ப்போ. சிகாகோவில் சொந்தமாக ஸ்டூடியோவும் வாங்கினார். பிறகு ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது விநியோகக் கம்பெனியின் பங்குகளை வாங்கும் உரிமையையும் எழுதி வாங்கினார். ‘ஓப்ரா நிறுத்தப்போறாங்களாம்’ என்று ஒரு வதந்தி கிளம்பினால் போதும், சந்தையில் கிங் வேர்ல்டின் பங்கு ஆட்டம் காணும். பக்வீட்டை வைத்துக் கடை திறந்தவர்களின் பிள்ளைகள் ஒரு கறுப்புப் பெண்ணின் பேனா முனையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி திருந்திவிட்டான் என்று யாரும் கதை கட்டத் தேவையில்லை. பத்திரத்தில் கையெழுத்து யாருடையது என்பது மாறியது, அதனால் மரியாதையும் மாறியது.

அதற்காக ஓப்ராவைக் கோயில் கட்டிக் கும்பிட நான் தயாரில்லை. 1987-ல் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஜார்ஜியா மாநிலத்தில் ஃபோர்சைத் என்று ஒரு மாவட்டம். 1912-ல் அங்கிருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கறுப்பர்களை அடித்து விரட்டினார்கள். நிலம், வீடு, தேவாலயம் எல்லாம் விட்டுவிட்டு ஓடினார்கள். அதற்குப் பிறகு எழுபத்தைந்து வருடம் அந்த மண்ணில் ஒரு கறுப்பர் குடியிருக்க முடியவில்லை. 1987 ஜனவரியில் ஹோசியா வில்லியம்ஸ் தலைமையில் போன ஊர்வலத்தின் மீது கல்லெறிந்தார்கள். அடுத்த வாரமே இருபதாயிரம் பேர் திரண்டு நடந்தார்கள். பிப்ரவரியில் ஓப்ரா தன் நிகழ்ச்சியை அங்கேயே கொண்டுபோய் வைத்தார். துணிச்சல்தான், மறுக்கவில்லை. ஆனால் உள்ளூர்வாசிகளுக்கு மட்டுமே அனுமதி என்றார்கள். உள்ளூரில் கறுப்பரே இல்லை என்பதுதான் பிரச்சினை! எனவே கூட்டம் முழுக்க வெள்ளையர்கள். வெளியே மறியல் செய்த ஹோசியா வில்லியம்ஸும் மற்றவர்களும் கைது செய்யப்பட்டார்கள். உள்ளே வெள்ளையர்கள் மைக்கைப் பிடித்துக்கொண்டு கறுப்பர்களில் நல்லவர் யார், கெட்டவர் யார் என்று அந்தக் கறுப்புப் பெண்ணிடமே வகுப்பெடுத்தார்கள்.

அந்த முகங்களை நாடு பார்த்தது, நிறவெறி தன் வாயால் தன்னைக் காட்டிக்கொண்டது என்று வாதிடலாம். நானும் ஓரளவு ஒப்புக்கொள்வேன். ஆனால் கல்லடி பட்டவர்கள் வாசலில், கல் எறிந்த ஊர் அரங்கத்தில் என்கிற அந்த ஏற்பாட்டைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. பறிக்கப்பட்ட நிலத்தின் பத்திரம் யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி அன்றைய நிகழ்ச்சியின் மையமாக இருக்கவில்லை. விளம்பரத்துக்கு இடம் விட்டு ஒரு மணி நேரத்துக்குள் அடக்கவேண்டிய பேச்சில் மனவருத்தம்தான் அடங்கும், நிலம் அடங்காது. ஒருத்தர் பத்திரம் வாங்கிவிட்டால் ஊரே வாங்கிவிட்டதாக ஆகாது என்று நம்ம கிழவிகள்கூடச் சொல்வார்கள்.

அப்புறம் என்ன ஆனது? 1990களின் நடுவில் அந்த இரண்டு தடைகளையும் அரசாங்கம் நீக்கியது. நீக்கியதும் சிபிஎஸ் வந்து 1999-ல் கிங் வேர்ல்டை வாங்கியது. 2000-ல் வையகாம் வந்து சிபிஎஸ்ஸையே வாங்கியது. பிரித்துவிட்ட பிள்ளை தகப்பனை விழுங்கிய கதை. 2006-ல் கிங் வேர்ல்ட் என்ற பெயரையே எடுத்துவிட்டு சிபிஎஸ் டெலிவிஷன் டிஸ்ட்ரிபியூஷன் என்று ஆக்கினார்கள். 2021-ல் அதுவும் மாறி சிபிஎஸ் மீடியா வென்ச்சர்ஸ் ஆனது. ஓப்ராவின் நிகழ்ச்சி இருபத்தைந்து வருடம் ஓடி 2011 மே மாதம் முடிந்தது. சக்கரத்தையும் ஜெப்பர்டியையும் இன்று சொந்தமாக வைத்திருக்கும் சோனி, விநியோகம் சரியில்லை, அடிமாட்டு விலைக்கு விற்கிறார்கள் என்று 2024-ல் சிபிஎஸ் மீது வழக்குப் போட்டது. பெரிய முதலாளிகளுக்கு எதற்காகச் சண்டை போடவேண்டும் என்று எப்போதுமே தெரிந்திருக்கிறது.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. வில்லியம் தாமஸ் 1980 அக்டோபரில் இறந்துபோனார். வயது 49. பத்து வருடம் கழித்து, 1990 அக்டோபரில், ஏபிசியின் ‘20/20’ நிகழ்ச்சி பக்வீட்டைக் கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்து, ஒரு மளிகைக் கடையில் பை கட்டிக் கொடுக்கும் தொழிலாளி ஒருவரைப் பேட்டி எடுத்து ஒளிபரப்பியது. தான்தான் பக்வீட் என்று அவர் சொன்னார், நம்பிவிட்டார்கள். முப்பத்தைந்து வருடமாக வீட்டுக்கு வீடு ஓடிய முகம். ஸ்பாங்கியாக நடித்த ஜார்ஜ் மெக்ஃபார்லண்ட்தான், அந்த ஆள் செத்து பத்து வருஷம் ஆச்சு என்று சொல்லவேண்டியிருந்தது. அடுத்த வாரம் ஏபிசி தான் ஏமாந்ததை ஒப்புக்கொண்டது. ஒரு தயாரிப்பாளர் பதவி விலகினார். தாமஸின் மகன் வழக்குப் போட்டார்.